ஒரு கட்டிலுக்கு ஏழு ஓட்டு

ஹாலில் அந்த நாற்காலிகளை யார் அரைவட்டமாகப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்து பார்த்தால் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றுக்கு எதிரே, மின்விசிறிக் காற்று எட்டாத இடமாகப் பார்த்து, சமையலறை ஸ்டூல் ஒன்று.

ஸ்டூல் முத்துவுக்கு.

"என்னப்பா இது, பொண்ணு பாக்கற மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"அப்பத்தான் எல்லாராலயும் அவங்க முகத்தைப் பாக்க முடியும் ரேவதி" என்றான் விக்னேஷ், மடிக்கணினியைத் திறந்துகொண்டே. "நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. நீ கூட்டிட்டு வந்த ஆளு. உனக்கு ஓட்டு கிடையாது."

எங்கள் வீட்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதில் படுக்க ஒரு பெண் வருகிறாள். அதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு. கட்டில் இருந்ததோ என் அறையில். அவளோடு ஒரே அறையில் இருக்கப்போகிறவள் நான். எனக்குத்தான் ஓட்டு கிடையாது!

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். முத்து பத்தாக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதே வாசலில் நின்றாள். கையில் பாலித்தீன் கவரில் கொய்யாப்பழம். கடையில் ஒரு மணி வரைக்கும்தான் பெர்மிஷன். ஞாயிற்றுக்கிழமை பெர்மிஷன் வாங்குவதற்கு அவள் சூப்பர்வைசரிடம் என்ன பாடுபட்டிருப்பாள் என்று துணிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆட்கள் எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்து, நாற்காலியில் உட்காரப் பதினொன்றரை ஆனது.

அடையாறு பெரியவருக்கு

இந்தத் தொடரில் வீடு தேடி அலைந்த கதையை நான் எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரு பெரியவர் வாராவாரம் எழுதுகிறார். அடையாறில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருப்பவராம். 'வீட்டுக்காரர்களை எல்லாம் வில்லனாக்குகிறீர்கள். உங்கள் கையில் சாவி இருந்தால் நீங்களும் இதையேதான் செய்வீர்கள்' என்று போன வாரம் குட்டியிருந்தார்.

ஐயா, முதலில் எனக்குச் சுர்ரென்று கோபம்தான் வந்தது. பிறகு முத்து ஞாபகம் வந்தாள். இந்த வாரம் நீங்கள் காலை மேலே போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படிக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள். கல்யாணமாகாத, முப்பதைத் தாண்டிய பெண் தென்சென்னையில் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி பெயர் அல்ல. "எத்தனை பேரு?" "நான் ஒருத்திதான்." அவ்வளவுதான், கிரில் கேட்டின் பூட்டு திரும்ப விழும். பெசன்ட் நகரில் ஓர் அம்மாள், துணியை எங்கே காயப்போடுவாய் என்று மட்டும் கால் மணி நேரம் விசாரித்தார். 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று பலகை மாட்டிய இன்னொருவரிடம், "நானும் ஒரு குடும்பத்துல பிறந்தவதான் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். வாய் நீளம் என்று புரோக்கரிடம் புகார் போனது.

அந்தப் புரோக்கர் தில்லி ஒரு தனி ரகம். தி.நகர் முழுக்க எந்த வீட்டில் எந்த போர்ஷன் காலி என்று தெரிந்து வைத்திருப்பார்.

"இன்னா மேடம் நீ, தனியா கீறேன் தனியா கீறேன்னு சொல்லிகினே இருந்தா எவன் வூடு குடுப்பான்? ஹஸ்பெண்டு துபாய்ல கீறாருன்னு சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"அவர் எப்ப வருவார்னு கேட்டா?"

"வரமாட்டாரு மேடம். லீவு கெடைக்கல."

இல்லாத புருஷனுக்கு லீவும் இல்லாமல் செய்துவிட்டார் மனுஷன். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். வீடு என்றா சொன்னேன்? அப்போது அத்தை மகள் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே படுத்துக்கொண்டிருந்தேன்.

பையன்கள் பாடு இன்னும் மோசம். விக்னேஷ் வேளச்சேரியில் ஏறி இறங்காத மாடி இல்லை. போனில் ஆண் குரலைக் கேட்டவுடனேயே "பேச்சிலரா தம்பி? சாரி" என்று வைத்துவிடுவார்களாம். கடைசியில் கிடைத்த ஒரே ஒரு தரைத்தள அறையிலும் மழைக்காலத்தில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது.

கூடு

இப்படி அடிபட்டு வந்தவர்கள் சேர்ந்து பிடித்ததுதான் இந்த வீடு. பேச்சுக்கு மயிலாப்பூர் என்போம், போஸ்ட்மேனுக்கு மந்தைவெளி. ஒரு சந்துக்குள் பழைய மாடி வீடு. கீழே அலமேலு மாமியும் அவர் கணவரும். மேலே இரண்டு மாடியும் எங்களுக்கு.

மாமியிடம் பேசப்போன அன்று நாங்கள் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனோம். யார் யாருக்கு என்ன உறவு என்றுகூட ஜோடித்து வைத்திருந்தோம். மாமி ஒன்றுமே கேட்கவில்லை.

"வாடகை ஒண்ணாம் தேதி வந்துடணும். மோட்டாரைப் போட்டா மறக்காம அணைக்கணும். மத்தபடி மாடியில யார் இருக்கா, எவா இருக்கான்னு எனக்கு என்னத்துக்கு? இவர் ஒருத்தரை இந்தாத்துல சமாளிக்கவே எனக்குப் போறும் போறும்னு இருக்கு."

எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்குக் 'கூடு' என்று விக்னேஷ்தான் பெயர் வைத்தான். அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் தருவது, குறைவாகச் சம்பாதிப்பவர் குறைவாகத் தருவது. சமையலறை பொது. முறை வைத்துச் சமையல். வீடு கிடைக்காதவர்களுக்கு ஒரு வீடு, இதுதான் எண்ணம். நல்ல எண்ணம்தான், இன்றும் சொல்வேன். டெங்கு வந்து நான் சுருண்டு கிடந்தபோது, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் நிரஞ்சனா என் தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டினாள். விக்னேஷ் தன் ஆபீஸுக்கு லீவு போட்டு என்னோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சலே வந்திருக்காது.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், விதிமுறையில். புதிதாக ஆள் எடுப்பதற்கு விக்னேஷ் ஒரு சாசனம் எழுதினான். எல்லோரும் கூடிப் பேட்டி காண வேண்டும். எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் வேண்டாம்தான். அறிமுகப்படுத்துகிறவருக்கு ஓட்டு இல்லை, பாரபட்சம் வந்துவிடுமாம்.

ஓட்டுப் போடுவது வாட்ஸ்அப் குரூப்பில். எங்கள் வீட்டில் எல்லாமே அந்தக் குரூப்பில்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் "இன்னிக்குச் சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்று வாயால் சொல்லமாட்டார்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய், 'உப்பு விஷயமாக ஒரு சின்ன ஃபீட்பேக்' என்று குரூப்பில் போடுவார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்னால் மனசு புண்படுமாம்.

வேலை கிடைத்தது, படுக்க இடம் கிடைக்கவில்லை

முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கம். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். முடித்துவிட்டு தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் மூன்றாவது மாடியில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். லேப் வேலைக்குப் போனால் ஆரம்பச் சம்பளத்தில் வாடகை கையைக் கடிக்கும். துணிக்கடையில் சாப்பாடும் உண்டு, படுக்க ஹாஸ்டலும் உண்டு. ஊரிலிருந்து தனியாக வருகிற பெண்ணுக்குச் சென்னையில் அதைவிடப் பெரிய விஷயம் இல்லை. தினம் தினம் நாம் நெருக்கியடித்துக்கொண்டு சேலை எடுக்கிற கடைகளில் நிற்கிற பெண்களில் எத்தனை பேர் வேறு எதையோ படித்துவிட்டு, ஒரு படுக்கைக்காக அங்கே நிற்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போனபோதுதான் பழக்கம். அம்மா கையில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "நானும் இதாம்மா படிச்சிருக்கேன்" என்று அவள் சொல்ல, பேச்சு வளர்ந்தது. நான் வேலை பார்ப்பது நந்தனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில், வரவேற்பு மேஜையில். கொஞ்ச நாளில் எங்கள் லேபில் ஓர் இடம் வந்தது. முத்துவை வரச்சொன்னேன். நேர்முகத் தேர்வில் ஒரே தடவையில் எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரத் திங்கட்கிழமை சேரவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கடை வேலையை விட்ட அன்றே ஹாஸ்டலில் பெட்டியைத் தூக்கிவிட வேண்டும். லேடீஸ் ஹாஸ்டலுக்கெல்லாம் அட்வான்ஸ் கொடுக்க அவளால் முடியாது. ஆக, படித்த படிப்புக்கான வேலைக்கும் அவளுக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு கட்டில். அந்தக் கட்டில் என் அறையில், ஜன்னலை ஒட்டி, மெத்தை சுருட்டி வைக்கப்பட்டுச் சும்மா கிடந்தது. அதில் படுத்திருந்த பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நம்ம வீடுதானே என்று நினைத்தேன். குரூப்பில் ஒரு வரி போட்டேன். விக்னேஷ் உடனே சாசனத்தை எடுத்துவிட்டான்.

கேள்வி நேரம்

முத்து ஸ்டூலில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தாள். கடைப் பழக்கம். கொய்யாப்பழக் கவரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தாள். நான் எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன்.

"உன்னைப் பத்திச் சொல்லு முத்து" என்று ஆரம்பித்தான் விக்னேஷ்.

சொன்னாள். அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீசில், தம்பி பாலிடெக்னிக்கில்.

"வீக்கெண்ட்ல என்ன பண்ணுவ?"

"எங்களுக்கு வீக்கெண்டு செவ்வாக்கிழமைதாம்ணே. துணி துவைப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஹாபி ஏதாவது?" என்றாள் நிரஞ்சனா.

"தூங்கணும்க்கா. அதுக்குத்தான் நேரமே கிடைக்க மாட்டேங்கு."

"இங்க எல்லாருக்கும் வேற வேற கருத்து இருக்கும். சண்டை வந்தா எப்படி ஹேண்டில் பண்ணுவ?"

"சண்டை போட்டுருவேன்க்கா. போட்டுட்டு அன்னைக்கே பேசிருவேன். மனசுல வச்சுக்கிட மாட்டேன்."

இதைவிட நல்ல பதில் என்ன இருக்கிறது? எனக்கு எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. ஆனால் விக்னேஷ் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ தட்டச்சு செய்தான்.

பிறகு வரிசையாக வந்தது பாருங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய்? சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா? அம்மா வந்தால் எத்தனை நாள் தங்குவார்? போனில் சத்தமாகப் பேசுவாயா? என்ன என்ன சமைப்பாய்? பாய் பிரெண்டு இருக்கிறானா, இருந்தால் தப்பில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஐயோ, இந்தக் கேள்விகளை எல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும்! பெசன்ட் நகர் அம்மாள் கேட்ட கேள்வி, நங்கநல்லூர் மாமா கேட்ட கேள்வி, வேளச்சேரி வீட்டுக்காரர் விக்னேஷையே வாசலில் நிற்க வைத்துக் கேட்ட கேள்வி. அவர்கள் அதட்டிக் கேட்டார்கள், இவர்கள் புன்னகையோடு கேட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். பொறுக்கமுடியாமல் "விக்கி, இதெல்லாம் கேக்கணுமா?" என்றேன். "ரேவதி, ப்ளீஸ், ப்ராசஸ்" என்றான்.

முத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு இடத்திலும் முகம் சுளிக்கவில்லை. பத்துச் சேலையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களிடம் பழகியவள்.

"ஓகே முத்து, நாங்க டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்றோம்" என்று முடித்தார்கள். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது.

மோட்டார்

கேட் வரைக்கும் அவளோடு இறங்கிப் போனேன். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, எனக்குக் கிடைச்சுருமா?"

"கிடைக்கும்டி. ஏன் கிடைக்காம?"

"வரும்போது ரூமை எட்டிப் பாத்தேன்க்கா. அந்த ஜன்னல் திறக்குமா?"

"திறக்கும். ஒரு வேப்பமரம் தெரியும்."

"எங்க ஹாஸ்டல் ஜன்னலுக்கு நேரா ஏசிப் பெட்டிய மாட்டி வச்சிருக்காங்க. திறந்தா அனல்தான் வரும்." சிரித்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

நான் திரும்புவதற்குள் மாமி பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி ரேவதி, மோட்டாரைப் போட்டது யாரு? டேங்க் வழிஞ்சு சந்து பூரா ஆறா ஓடிண்டிருக்கு. மாடியில இத்தனை பேர் இருக்கேள், ஒருத்தர் காதுலயும் விழலையா?"

மாடியில் அத்தனை பேரும் அதைவிட முக்கியமான வேலையில் இருந்தார்கள். மோட்டாரை அணைத்து, மாமியின் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு மேலே போனேன். ஏழு பேரும் அதே நாற்காலிகளில். ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கையும் முழங்கையும் இடிக்க உட்கார்ந்துகொண்டு, குரூப்பில் விவாதம்!

என் போன் அறையில் சார்ஜில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'ஸ்வீட் கேர்ள். பட் கொஞ்சம் லவுட்.'

'நம்ம வைபுக்கு செட் ஆவாளான்னு டவுட்.'

'அம்மா வந்தா ஹால்ல படுப்பாங்களோ? எனக்குக் காலைல மீட்டிங் இருக்கும்.'

'நான் நான்வெஜ்தான். ஆனா கருவாடுன்னா நோ.'

'தப்பா எடுத்துக்காதீங்க, பத்து இருபது பேர் படுக்கற ஹாஸ்டல்லேர்ந்து வர்றா. மூட்டைப்பூச்சி வந்துட்டா நாம போச்சு.'

அதற்கு மூன்று பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

'சாரி, ஆனா இது நம்ம சேஃப் ஸ்பேஸ். பாவம்னு பாத்து எடுக்க முடியாது' என்று எழுதியிருந்தவள் நிரஞ்சனா. எனக்குக் கஞ்சி ஊட்டியவள்.

ஹாலுக்கு வந்து கத்தினேன். "இதே சந்துக்கு வந்து நாம எப்படி நின்னோம்னு மறந்துபோச்சா? உங்களை எவனாவது ஸ்டூல்ல உக்கார வெச்சுக் கேட்டிருந்தா இப்ப குரூப்ல எத்தனை பக்கத்துக்குப் புலம்பியிருப்பீங்க? அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்டா!"

நாலைந்து பேர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார்கள். பிறகு நிரஞ்சனா, "அவ சொல்றதும் நியாயம்தான். மூணு மாசம் ட்ரையல் மாதிரி பாக்கலாமே" என்றாள். "ஆமா, நாம ஓவரா போறோம்" என்றது இன்னொரு குரல். விக்னேஷ் குரூப்பில் ஓட்டெடுப்பைப் போட்டான். 'முத்து: ஓகே / வேண்டாம்.'

ஒவ்வொன்றாக விழுந்தது. ஓகே. ஓகே. கருவாடு ஓகே. காலை மீட்டிங் ஓகே. மூட்டைப்பூச்சி கொஞ்சம் யோசித்து, ஓகே. கடைசியாக விக்னேஷும் போட்டான். ஏழு. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது 'வேண்டாம்' என்பதன் பக்கத்தில் ஒன்று என்று வந்தது.

"யாருப்பா அது?" என்றான் விக்னேஷ். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நான் இல்லை." "நானும் இல்லை." விக்னேஷ் அதைத் தொட்டுத் திறந்தான். பெயர் தெரிந்தது.

முத்துச்செல்வி.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லொகேஷனும் சாசனமும் அனுப்ப வேண்டும் என்று, தனியாக அனுப்பச் சோம்பல்பட்டு, விக்னேஷ் அவளைக் குரூப்பிலேயே சேர்த்துவிட்டிருந்தான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரியும் அவள் கையில் இருந்த போனிலும் போய் விழுந்திருக்கிறது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் குரூப்பிலிருந்து வெளியேறினாள்.

"ஐயோ" என்றாள் நிரஞ்சனா. பிறகு, நம்பமாட்டீர்கள், விக்னேஷ் சொன்னான்: "ஆனா கடைசில நாம எல்லாரும் ஓகேதானே போட்டோம்? அதையும் பாத்திருப்பாங்களே. அப்புறம் எதுக்கு இந்தக் கோவம்?"

போட்டிருந்த நைட்டிக்கு மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

பஸ் ஸ்டாப்

பஸ் வந்திருக்கவில்லை. சென்னையில் பஸ் வராததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். முத்து நிழற்குடையின் ஓரத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள் என்று பார்த்ததும் தெரிந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முத்து, நான் ஒரு வரிகூட எழுதலை."

"தெரியும்க்கா. உங்க பேரு எங்கயும் இல்லை. பாத்தேன்."

"அவங்க கடைசில ஓகே சொல்லிட்டாங்கடி. பேசாம வந்துடு. கட்டில் என் ரூம்ல. அவங்ககூட உனக்கென்ன?"

"எப்படிக்கா?" என்றாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள். "எவ எதை எழுதினான்னு தெரிஞ்சுக்கிட்டே தினமும் அவகூட உக்காந்து சாப்பிடணும். என் பாய நான் உதறும்போதெல்லாம் யாராவது பாக்காங்களான்னு திரும்பிப் பாக்கணும். என்னால முடியாதுக்கா."

"ஹாஸ்டல்ல மட்டும் என்ன வாழுதாம்?"

"அங்க ஒருத்தி மூஞ்சிக்கு நேரா நாயே பேயேம்பா. நானும் திருப்பி வைவேன். அத்தோட தீந்துச்சு. இவங்க எல்லாரும் என்கிட்ட எம்புட்டு நல்லா சிரிச்சுக்கிட்டுக் கேட்டாங்க!"

வேலையைப் பற்றிக் கேட்டேன். சேர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் வேறு இடம் பார்க்கலாம், நான் பார்க்கிறேன், தில்லியிடம் சொல்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். "பாருங்கக்கா" என்றாள். அவள் நம்பவில்லை என்று எனக்கும் தெரிந்தது. பஸ் வந்தது. ஒரு மணிக்குள் கடைக்குப் போய்ச் சேர முடியாது. அதற்கு வேறு அங்கே ஒரு வசை காத்திருந்தது.

அடுத்த ஆள்

அந்த வாரம் முழுக்க நாயாக அலைந்தேன். தில்லி, "தங்கச்சின்னு சொல்லி உன்கூட தங்க வையேன் மேடம்" என்றார். என்கூடத்தான் தங்கவைக்கப் பார்த்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சைதாப்பேட்டையில் ஒரு ஹாஸ்டல், அடையாறில் ஒன்று, எல்லாம் அட்வான்ஸில் வந்து நின்றன. நான் தருகிறேன் என்றேன். முத்து வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். அதிலும் அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

வீட்டில் எல்லோரும் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். யாரோ எனக்குப் பிடித்த அடை செய்தார்கள். விக்னேஷ் வருந்தி முத்துவுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினான். அவள் பார்த்தாளா என்று தெரியாது, டிக் நீலமாகவில்லை. நடந்ததைப் பற்றி ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கூடிப் பேசினார்கள். எங்கே தவறு என்று அலசினார்கள். அலசி, ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் காலையில் என் போன் கூப்பிட்டது. விக்னேஷ் புதிதாக ஒரு குரூப் தொடங்கி என்னைச் சேர்த்திருந்தான். பெயர், 'கூடு: செலக்‌ஷன் மட்டும்'. கீழே ஒரு குறிப்பு: 'இனிமே வர்றவங்களைப் பத்தி இதுல மட்டும் பேசலாம். அவங்களை இதுல சேர்க்காதீங்க, ப்ளீஸ்.' அதற்கு ஆளாளுக்குக் கட்டைவிரல்.

அட தெய்வமே! இவ்வளவு நடந்து இவர்கள் கற்றுக்கொண்டது இதைத்தானா? போனைச் சுவரில் வீசியிருப்பேன். மாதத் தவணை பாக்கி இருந்ததால் வீசவில்லை.

திங்கட்கிழமை நந்தனத்தில் என் மேஜையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முத்து வரவில்லை. பதினோரு மணிக்கு லேபிலிருந்து வந்து, "உங்க கேண்டிடேட் என்னாச்சு ரேவதி?" என்று கேட்டார்கள். மத்தியானம் பட்டியலில் அடுத்து இருந்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போன் செய்தேன். எடுக்கவில்லை. கடையில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பிறகுதான் உறைத்தது. அப்படியானால் அவள் மூன்றாவது மாடியில் சேலை விரித்துக்கொண்டிருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புதுக் குரூப்பைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதினேன். 'முத்து இன்று வேலையில் சேரவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.'

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டியது. நிரஞ்சனா ஓர் உடைந்த இதயம் போட்டாள். இன்னொருத்தி 'ஸோ சேட்' என்று போட்டாள்.

சாயங்காலம் விக்னேஷ் எழுதியிருந்தான். 'ரேவதி ரூம் கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு. தெரிஞ்சவங்க யாராவது வீடு கிடைக்காமக் கஷ்டப்பட்டா சொல்லுங்க.'